ஏப்ரலிலேயே மூட்டை கட்ட வேண்டாம்
நம்ம பேஸ்பால் அணியைப் பற்றி "முதல் 30 ஆட்டத்தில் 11 வெற்றிதான், சீசன் முடிந்தது" என்று இந்தக் கட்டுரை அடித்துச் சொல்வது அவசரம். எரிச்சல் எனக்கும் உண்டு, ஆனால் இன்னும் 132 ஆட்டம் கிடக்கிறது. அதில் 79 வென்றால் மொத்தம் 90 வெற்றி. கடினம்தான், நடக்காததல்ல: 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 19 வெற்றி, 31 தோல்வி (19-31) என்று தொடங்கி, மீதியை 74-38 ஆக ஆடி, சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரையே வென்றது. பேட்டிங் சராசரி .200, அதாவது பத்து முயற்சிக்கு இரண்டு ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) மட்டும் அடிப்பவரை உட்கார வைக்கச் சொல்கிறீர்கள், கட்டுரையாளரே. 100 அட்-பேட்டில் (கணக்கில் வரும் மட்டை முயற்சி) .200க்கும் .260க்கும் வித்தியாசம் ஆறே ஹிட். நேராக ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) கைக்குப் போன இரண்டு லைன் டிரைவ் (தாழ்வாகப் பாயும் வேகமான அடி), குளிர்காற்றின் அடர்த்தியில் வேலிக்கு முன்னாலேயே இறங்கிய நான்கு பந்து, கணக்கு சரியாகிவிட்டது. பார்க்க வேண்டியது ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவது) விகிதம். 60 முறை மட்டை பிடித்ததுமே அது ஓரளவு நிலைத்துவிடும், பேட்டிங் சராசரிக்கு முழு சீசனே போதாது. வெளியே போகும் ஸ்லைடரை (பக்கவாட்டில் வளையும் பந்து) அவர் துரத்துகிறாரா, நடுவில் வரும் வேகப்பந்தைக்கூடத் தாமதமாகத் தொட்டு ஃபவுல் ஆக்குகிறாரா (கோட்டுக்கு வெளியே அடிக்கிறாரா)? அப்படியானால் கவலைப்படலாம். மேலே கருத்துப் பகுதியில் "மேலாளரை நீக்கு" என்று எழுதியவருக்கு: 1988இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஆறே தோல்வியில் மேலாளர் கால் ரிப்கன் சீனியரை நீக்கியது. அடுத்து வந்த ஃபிராங்க் ராபின்சன் தலைமையில் மேலும் 15 தோல்வி, ஆக மொத்தம் தொடர்ச்சியாக 21! என் கோபம் புல்பென் (ஆட்டத்தின் நடுவே மாற்றாக வரும் பந்துவீச்சாளர்கள்) மேல்தான். ஒரு ரன் முன்னிலையில் ஒன்பதில் எட்டாம் இன்னிங்ஸுக்கு வந்து, முதல் ஆளுக்கே நாலு 'பால்' (ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் வீச்சு) போட்டு இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவதற்குக் குளிரைக் குற்றம் சொல்ல முடியாது.