80,000 கோடி யூரோ யாரும் அள்ளிக் கொடுத்த பணம் இல்லை

ஒருவர், “ஆயுதம் வாங்க ஐரோப்பிய ஒன்றியம் 80,000 கோடி யூரோவை அள்ளிக் கொடுத்துவிட்டது, எல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளுக்குத்தான் போகும்” என்று எழுதியிருக்கிறார். முதல் பாதி தவறு, இரண்டாவது பாதி அரைகுறை.

2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் அறிவித்த அந்தத் தொகையில் 65,000 கோடி வெறும் மதிப்பீடு. உறுப்பு நாடுகளின் பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ராணுவச் செலவுக்காக மட்டும் 4 ஆண்டுகளுக்கு அதைத் தளர்த்துகிறார்கள். எல்லா நாடுகளும் சராசரியாக ஜிடிபியில் 1.5 சதவீதம் கூட்டி ராணுவத்துக்குச் செலவழித்தால்தான் அந்தக் கணக்கு வரும். கிரெடிட் கார்டு லிமிட்டை உயர்த்தினால் கையில் காசு வந்துவிடுமா? பில் கட்டுவது அந்தந்த நாட்டு மக்கள்தான்.

சரி, மீதி 15,000 கோடி? அதுவும் கடன்தான், ‘சேஃப்’ என்று பெயர். வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அதிக ஒதுக்கீடு போலந்துக்கு, சுமார் 4,370 கோடி.

அப்புறம் அமெரிக்கா விஷயம். சேஃப் கடனில் ஒரு பீரங்கிக் குண்டு வாங்கினால், அதன் பாகங்களின் விலையில் 100 யூரோவுக்கு 65 யூரோவாவது ஒன்றிய நாடுகள், நார்வே, உக்ரைன் போன்ற இடங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் நாடுகள் தங்கள் சொந்தப் பணத்தில் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்களை வாங்குவதை இந்த நிபந்தனை தடுக்காது. அந்தக் கவலை மட்டும் நியாயமானது.