தைமஸ் வேண்டாத உறுப்பு அல்ல
"டி செல்கள் எலும்பு மஜ்ஜையிலேயே முழுசா உருவாகிடும், தைமஸ் சும்மா" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தவறுங்க. டி செல்கள் என்பவை நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள்; தைமஸ் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சிறு உறுப்பு. மஜ்ஜையிலிருந்து வருவது முன்னோடி செல்கள்தான். அவை டி செல்லாக முதிர்வது தைமஸில்.

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை ஆய்வாளர் ஜாக் மில்லர் அகற்றிப் பார்த்து 1961இல் எழுதினார். லிம்போசைட்டுகள் (டி செல்களும் அடங்கிய வெள்ளை அணு வகை) வெகுவாகக் குறைந்தன. வேறு எலியின் தோலை ஒட்டினால் டி செல்கள் அதை அந்நியமாகக் கண்டு எதிர்க்கும்; இந்தக் குட்டிகளின் உடலோ அதை உதறவே இல்லை. ரோமம் முளைத்து அப்படியே ஒட்டிக்கொண்டது! வளர்ந்த எலியில் அகற்றினால் உடனே பெரிய பாதிப்பு தெரியாது, டி செல்கள் அதற்குள் உடலெங்கும் பரவியிருக்கும். உங்கள் குழப்பம் இங்கேதான் தொடங்கியிருக்கும் என நினைக்கிறேன்.

எலிக்கு மட்டுமான கதையும் அல்ல. தைமஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குச் சாதாரணத் தொற்றே உயிருக்கு ஆபத்து. அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.