படித்தால் தூக்கம் வரும் ஒரு சட்டம்

ஜனநாயகத்தின் வேர் எது என்று பேச்சு வந்தால் லாக், ரூசோ, மாண்டெஸ்க்யூ போன்ற சிந்தனையாளர்கள், 1776 அமெரிக்கப் பிரகடனம், 1789 பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனம் என்று வரிசை கட்டி வந்துவிடும். எல்லாம் பெரியவைதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் முதல் இடம், படித்தால் தூக்கம் வரும் ஓர் ஆங்கிலேயச் சட்டத்துக்குத்தான். 1679-இன் ஹேபியஸ் கார்பஸ் சட்டம்.

அடைத்து வைத்த ஆளை நீதிபதி முன் நிறுத்து, ஏன் அடைத்தாய் என்று சொல் என்கிற ஹேபியஸ் கார்பஸ் ஆணை அதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலாந்தில் உண்டு. 1627-இல் அரசர் முதலாம் சார்லஸுக்குக் கட்டாயக் கடன் தர மறுத்துச் சிறைக்குப் போன ஐந்து பேர் இதைக் கேட்டுத்தான் நீதிமன்றம் ஏறினார்கள். அரசரின் தனி உத்தரவு என்று பதில் வந்தது, நீதிபதிகளும் வெளியே விட மறுத்துவிட்டார்கள். அப்புறம் வேறு தந்திரங்கள்: சிறை அதிகாரி இழுத்தடிப்பார், நீதிமன்றம் விடுமுறை என்பார்கள், இல்லையென்றால் கைதியையே அந்த ஆணை எட்டாத தீவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

1679 சட்டம் இந்த ஒவ்வொரு சந்துபொந்தையும் அடைத்தது. மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான் என்றெல்லாம் அதில் ஒரு வரி கிடையாது. சிறை 20 மைலுக்குள் என்றால் 3 நாளில் ஆளைக் கொண்டுவா, தொலைவு கூடினால் 10 நாள், 20 நாள். மீறும் சிறை அதிகாரிக்கு 100 பவுண்டு அபராதம், மறுபடி மீறினால் 200 பவுண்டோடு வேலையும் போகும். விடுமுறைக் காலத்தில் ஆணை தர மறுக்கும் நீதிபதிக்கே 500 பவுண்டு. (பிரபுக்கள் சபை வாக்கெடுப்பில் ஒரு பருத்த பிரபுவைப் பத்துப் பேராக எண்ணியதால்தான் இது தேறியது என்று ஒரு கதை உலவுகிறது!)

பிரெஞ்சுப் பிரகடனத்தின் 7-ஆவது பிரிவும் சட்டப்படி அல்லாமல் யாரையும் கைது செய்யக் கூடாது என்றுதான் சொல்கிறது. நான்கே வருடத்தில், 1793 செப்டம்பரில், சந்தேகத்துக்குரியோர் பற்றிய சட்டம் வந்து கூட்டம் கூட்டமாக உள்ளே தள்ளினார்கள். யாரிடம் போய், எத்தனை நாளுக்குள் பதில் கேட்பது என்பது அந்த அழகான வாசகத்தில் இல்லையே. சரி, இங்கிலாந்திலும் 1794-இல் இந்தப் பாதுகாப்பை நிறுத்தி வைத்தார்கள்தான். ஆனால் அதற்கும் நாடாளுமன்றத்தில் எல்லோருக்கும் தெரிய ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

ஜமைக்காவுக்கு விற்பனைக்கு அனுப்பக் கப்பலில் பூட்டி வைத்திருந்த ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமை 1772-இல் விடுதலையானதும் இதே ஹேபியஸ் கார்பஸ் ஆணையால்தான். எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்று அடிமை வைத்திருந்த ஜெஃபர்சன் அமெரிக்கப் பிரகடனத்தில் எழுதியது அதற்கு நான்கு வருடம் கழித்து.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம், நம் ஊரில் குண்டர் சட்டத்தில் போட்ட ஒருவர் ஆட்கொணர்வு மனுவில் (அதே ஹேபியஸ் கார்பஸ்தான்) வெளியே வந்தால் கமெண்டில் வரும் புலம்பல். காவலில் இருப்பவரின் முறையீட்டை அரசு பரிசீலிக்கத் தாமதம் என்று உயர் நீதிமன்றம் காவலை ரத்து செய்தால், ஓட்டையைக் காட்டித் தப்பிச்சிட்டான் என்கிறார்கள். விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை அடைக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அந்த அதிகாரத்துக்கு இருக்கும் கெடுவையும் ஓட்டை என்றால் எப்படி? அந்த ஆள் மேல் இருக்கும் வழக்குகள் எங்கேயும் போகவில்லை. அதை ஒழுங்காக நடத்தித் தண்டனை வாங்கிக் கொடுக்கட்டுமே, யார் தடுத்தது?