வேலை நேரத்தையும் பாருங்கள்
போன மாதத்தைவிட வேலையின்மை குறைந்துவிட்டது, வேலைச் சந்தை தேறிவிட்டது என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 2025 ஏப்ரல் முதல் மாதாமாதம் அரசின் இந்த வேலையின்மைக் கணக்கு வருவது நல்ல விஷயம்தான். ஆனால் அதில் கடந்த 7 நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர். தாராவியில் எங்கள் சந்தில் தோல் பை தைக்கிறவர்களுக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி. தீபாவளிக்கு முன்னால் நடுராத்திரி வரை மிஷின் ஓடும். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் ஓடினாலே பெரிது, கூலி பாதிகூடத் தேறாது. கணக்கில் இரண்டும் ஒன்றுதான். வேலைகளை எண்ணக் காட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) உறுப்பினர் கணக்கிலும் இவர்கள் வரமாட்டார்கள். 20 பேருக்குக் குறைந்த பட்டறைக்கு அது கட்டாயமில்லையே. போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், கூடவே வேலை நேரத்தையும் போடுங்கள்.