ஆயிலைக் கூட்டினால் மிக்சர் ரிச் ஆகுமா?

"ரேஸுக்கு முன்னால் டூ டி ஆயிலைக் (பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில்) கொஞ்சம் அதிகமாக ஊற்றுங்கள், மிக்சர் ரிச் ஆகிவிடும், பிஸ்டன் சீஸ் ஆகாது (இறுகி நின்றுபோகாது)" என்று டூ ஸ்ட்ரோக் எண்டியூரோ (காட்டுப்பாதை பந்தய பைக்) ஓட்டுகிறவர்களிடம் ஒரு அறிவுரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது தவறு. ரிச், லீன் என்பதெல்லாம் பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள கணக்கு: காற்றோடு பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன். ஆயில் அதில் சேராது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை மாறப்போவதில்லை, அதன் வழியே போகும் திரவத்தில் ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும், அதாவது மிக்சர் லீன் பக்கம்தான் நகரும்.

கேடிஎம் 300 இஎக்ஸ்சியின் கார்புரேட்டர் மாடல்களுக்குக் கையேடு சொல்வது 1:60, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 17 மில்லி ஆயில். அதை 1:30 ஆக்கினால் ஜெட் வழியே போகும் பெட்ரோல் ஒன்றரை சதவீதம்போலக் குறையும். பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் ஏற்கெனவே லீனாக ஜெட் போட்ட வண்டியை இது காப்பாற்றாது.

புகை அதிகமாக வருவதைப் பார்த்துத்தான் ரிச் என்று நம்புகிறார்கள் போல, அது வெறும் ஆயில் புகை. சரி, ரிச் ஆக்க என்ன வழி? முழு த்ராட்டிலில் லீன் என்றால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்குங்கள், நடு த்ராட்டில் என்றால் நீடிலை (கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசி) பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள், அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பீங்கான் வெள்ளையாக இருந்தால் இன்னும் லீன்தான். கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள டிபிஐ மாடல்களில் ஆயிலுக்குத் தனி டேங்க், பெட்ரோலில் கலக்கும் வேலையே இல்லை.