ஒரு வருடம் ஒரே இடத்தில் இருக்க விடுங்கள்

ஜெர்மானியர்களிடம் ஒரு கிண்டல் உண்டு. பீலஃபெல்ட் என்று ஒரு ஊரே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை என்பார்கள். 1994-ல் இணையத்தில் கிளம்பிய இந்த விளையாட்டு அடங்கவே இல்லை. கடைசியில் 2019-ல் நகர நிர்வாகமே, ஊர் இல்லை என்று நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் யூரோ தருகிறோம் என்று அறிவித்தது. பணம் யாருக்கும் போகவில்லை.

அந்த 'இல்லாத' ஊரின் பல்கலைக்கழகத்தில் பல்துறை ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. ஜெர்மன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஸிஃப் என்பார்கள். தொடங்கியது 1968-ல். பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் ஆரம்பித்ததே 1969-ல்தான், அதற்குள் ஆய்வு மையம் பக்கத்து ஊரான ரேடாவில் ஒரு பழைய கோட்டைக்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது. திட்டம் போட்டவர் ஹெல்முட் ஷெல்ஸ்கி என்ற சமூகவியலாளர்.

இதை இப்போது எழுதக் காரணம், 'பல்துறை' என்ற சொல் இன்று நம் கல்வி வளாகங்களில் படும் பாடு. திரும்பிய பக்கமெல்லாம் பல்துறைக் கருத்தரங்கு. நானும் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். இயற்பியல்காரர் ஒன்று பேசுவார், இலக்கியக்காரர் ஒன்று பேசுவார், இருவரும் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் போவார்கள். மாலையில் சான்றிதழ். அப்புறம் ஐஎஸ்பிஎன் எண்ணோடு ஒரு தொகுப்பு நூல், முடிந்தது. துறைகள் கலக்க நேரம் வேண்டும், அதுவும் வேறு வேலை இல்லாத நேரம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஸிஃப் கொடுத்தது அதைத்தான்.

அங்கே நிரந்தரமான ஆய்வாளர் கூட்டம் என்று ஒன்று கிடையாது. யாராவது ஒரு கேள்வியோடு வருவார்கள். கேள்வி தேறும் என்று பட்டால் அதற்காக ஒரு குழு கூடும். பல நாட்டு ஆட்கள், பல துறை ஆட்கள், அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் அங்கேயே குடியிருப்பார்கள். தங்கும் வீடுகள் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன, பின்னால் டாய்ட்டோபுர்க் காடு. வருடம் முடிந்தால் குழு கலைந்துவிடும், அடுத்த கேள்விக்காரர்கள் வருவார்கள்.

எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையாரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண், 2009. ஆனால் அவர் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் அல்ல. பள்ளியில் அவரை முக்கோணவியல் படிக்க விடவில்லை, கணக்குப் பின்புலம் போதாது என்று பொருளாதாரத் துறையின் கதவு அடைபட்டது. அரசியல் அறிவியலுக்குப் போனார். 1965-ல் முடித்த ஆய்வு, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றியது. ஆளாளுக்கு உறிஞ்சியதில் கடல் நீர் உள்ளே புக ஆரம்பிக்க, பயன்படுத்தியவர்களே உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்துகொண்ட கதை. பொதுவில் கிடப்பது பாழாகத்தான் போகும், அரசோ தனியாரோ கையிலெடுத்தால்தான் உண்டு என்ற வாதத்தை 1968-ல் காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர், பொது மேய்ச்சல் நிலத்தை உதாரணம் காட்டி எழுதிப் பிரபலமாக்கியபோது, அதற்கு மாறான ஒரு சான்று இவர் கையில் ஏற்கெனவே இருந்தது. அதை அலசப் பொதுவான ஒரு கருவிதான் வேண்டியிருந்தது.

1981-82-ல் கணவர் வின்சென்ட்டோடு ஸிஃபுக்கு வந்தார். வந்தது பொதுத்துறை நிர்வாகம் பற்றிய ஒரு குழுவுக்கு. அதே பல்கலைக்கழகத்தில் அப்போது கேம் தியரி, அதாவது ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும் நிலைமைகளை ஆட்டம்போல் வைத்து அலசும் கணிதம், நடத்திக்கொண்டிருந்தவர் பொருளாதாரப் பேராசிரியர் ரைன்ஹார்ட் செல்டன். அம்மையார் போய் உட்கார்ந்து கேட்டார். பிறகு 1987-88-ல் செல்டனே ஸிஃபில் ஒரு குழு அமைத்தார், கணிதம், பொருளாதாரம், உயிரியல், அரசியல் எல்லாம் கலந்த குழு. 1988-ல் அம்மையார் மறுபடியும் அங்கே வந்தார். பொதுவளங்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1990-ல் வந்தது. முதல் அத்தியாயத்திலேயே ஹார்டினின் அந்த மேய்ச்சல் நிலச் சிக்கலை கேம் தியரி ஆட்டங்களாக்கிப் பிரித்துப் போட்டிருப்பார். செல்டனுக்கு 1994-ல் நோபல்.

ஸிஃப் இல்லாவிட்டால் இந்த நோபல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் இண்டியானாவில் ஆஸ்ட்ரம் தம்பதி 1973-லேயே தங்களுக்கென ஓர் ஆய்வுப் பட்டறை தொடங்கியிருந்தார்கள், உழைப்பின் பெரும்பகுதி அங்கேதான். ஆனால் 1982-ல் ஒரு தணிக்கை அதிகாரி வந்து 'இந்த அம்மா ஒரு வருடமாக இங்கே என்ன சாதித்தார்' என்று கேட்டிருந்தால், எதிர்வீட்டுப் பேராசிரியரின் வகுப்பில் உட்கார்ந்தார் என்றுதான் பதில் சொல்லியிருக்க முடியும். அந்தப் பதிலுக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

இன்னொரு குழுவும் உண்டு. 1982-83-ல் தத்துவவாதி லோரன்ஸ் க்ரூகர் கூட்டியது. நிகழ்தகவு என்ற கருத்து அறிவியலை எப்படிப் புரட்டிப் போட்டது என்பது கேள்வி. வரலாற்றாளர் லொரெய்ன் டாஸ்டன், உளவியலாளர் கெர்ட் கிகரென்ஸர், தத்துவவாதி இயன் ஹாக்கிங் என்று ஒரு பட்டாளம். தொகுப்பு இரண்டு பெரிய பாகங்களாக 1987-ல்தான் வெளிவந்தது. நான்கு வருடத் தாமதம் என்பதா, நான்கு வருடம் ஊறியது என்பதா? நான் இரண்டாவது கட்சி.

சமூகவியலாளர் நோர்பர்ட் எலியாஸ் 1978 முதல் 1984 வரை ஸிஃபிலேயே வாழ்ந்தார். 1897-ல் ப்ரெஸ்லாவில் பிறந்த யூதர், 1933-ல் நாட்டை விட்டு ஓடியவர். அவருடைய முக்கியப் படைப்பு 1939-ல் வந்து முப்பது வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. எண்பது தாண்டிய அந்த மனிதருக்கு ஜெர்மனியில் ஒரு மேசையும் பேச ஆளும் கிடைத்தது இங்கேதான். (செல்டன் பிறந்ததும் அதே ப்ரெஸ்லாவ்தான், அவர் அப்பாவும் யூதர். ஊர் இன்று போலந்தில் இருக்கிறது.)

சரி, இதற்கெல்லாம் காசு? கேட்பவர்கள் வழக்கமாக நிக்லாஸ் லூமானைக் காட்டுவார்கள். அதே பீலஃபெல்டில் சமூகவியல் பேராசிரியர். வேலைக்கு வந்த புதிதில் உங்கள் ஆய்வுத் திட்டம் என்ன என்று கேட்டதற்கு, 'சமூகத்தைப் பற்றிய கோட்பாடு, காலம் 30 ஆண்டு, செலவு இல்லை' என்று பதில் சொன்னவர். சொன்னபடி 1997-ல் முடித்தும் காட்டினார், அடுத்த வருடம் இறந்துபோனார். பார்த்தாயா, மையமும் வேண்டாம் மானியமும் வேண்டாம் என்று இதைச் சொல்லிக் காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஓய்வு பெறும்வரை அந்த மனிதருக்கு மாதம் தவறாமல் பேராசிரியர் சம்பளம் வந்தது, அதற்குப் பிறகு ஓய்வூதியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கேட்டு யாரும் அவர் கதவைத் தட்டவில்லை. நம் ஊரில் ஒப்பந்தச் சம்பளத்தில், வாரம் இருபது மணி நேரம் வகுப்பெடுக்கும் ஒரு கௌரவ விரிவுரையாளரிடம் போய் லூமானைப் போல இருங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.