ஆமாம், நான் ஃபாரம் நிரப்புகிற வக்கீல்தான்

சனிக்கிழமை மேடையில் ஒரு மூத்த வக்கீல் பேசிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குடும்ப வழக்கு, விசா வழக்கெல்லாம் ஃபாரம் நிரப்புகிற வேலையாம். கோர்ட்டில் நின்று வாதாடினால்தான் வக்கீலாம். கைதட்டல் வேறு. தட்டியதில் என் நண்பர்களும் உண்டு.

சரி, ஃபாரம்தான். ஐ-751 என்று ஒன்று. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆவதற்குள் அந்தக் கல்யாணத்தை வைத்து அமெரிக்க கிரீன் கார்டு கிடைத்தால், 1986-இல் வந்த சட்டப்படி அது இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். நிரந்தரமாக்க இந்த ஃபாரத்தில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். புருஷன், "போட மாட்டேன், ஊருக்குப் போ" என்றால்?

விவாகரத்து வாங்கித் தனியாக விண்ணப்பிக்கலாம். அதாவது, குடும்ப நீதிமன்றத்தில் இந்தக் கல்யாணம் முறிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். குடியேற்ற அதிகாரியிடம் இது நிஜக் கல்யாணம்தான் என்று நிரூபிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு பெண் கோபத்தில் கல்யாணப் படங்களையெல்லாம் போனிலிருந்து அழித்திருந்தார். வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எதிலும் அவர் பெயர் இல்லை. நாத்தனாரின் வாட்ஸப் குரூப்பில் கிடந்த படங்கள், அந்த வீட்டு முகவரிக்கு வந்த பல் டாக்டர் பில், பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம் என்று தேடித் தேடிச் சேர்த்தோம். படத்துக்குப் படம் தேதி எழுதிக்கொண்டே அழுதார். ஃபாரம் நிரப்பினோம் ஐயா.

'கிரிமினல் வக்கீலின் பொறுப்புக்கு இது ஈடாகுமா?' என்பீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று குடியுரிமை இல்லாத கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. அதற்கு யாரிடம் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்? ஃபாரம் நிரப்புகிறவர்களிடம்தான்.

ஃபீஸ் வாங்கவில்லையா? வாங்குகிறேன். அப்புறம்?

குடும்பத்தைப் பிரித்துச் சம்பாதிக்கிறேனாம். என்னிடம் வரும்போதே அது பிரிந்துதான் வருகிறது. குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைக்க வேண்டும் என்று 1963-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. குடியேற்ற நீதிமன்றத்தில் நிற்பது சின்னப் பிள்ளையாகவே இருந்தாலும் அந்த உரிமை கிடையாது. அங்கே போய் அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்றுவிட்டு வந்து அந்த மூத்த வக்கீல் இதே பேச்சைப் பேசட்டும், நானும் கைதட்டுகிறேன்.

சொந்தக்காரர்களே என்னை "வக்கீல்தான், ஆனா விசா வேலை" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பழகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த வீடியோவின் கீழே சிரிப்புப் பொம்மை போட்ட ஒருவர் நேற்று ராத்திரி இன்பாக்ஸில் வந்திருக்கிறார்: "அக்கா, தங்கச்சி விஷயமா ஒரு சின்ன சந்தேகம். ஃபாரம்தான், அஞ்சு நிமிஷம் போதும்."